மூட்டைக்கு விலை சொல்வது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகி, பழைய கைபேசி பேட்டரியை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பதிலின் நடுவே, அந்த பேட்டரிக்குள் இருக்கும் கொபால்ட் என்ற உலோகத்தில் பெரும்பகுதி காங்கோ நாட்டிலிருந்து வருகிறது, அதில் ஒரு பங்கை மனிதர்கள் கையாலேயே தோண்டுகிறார்கள், சிறுவர்களும் அதில் உண்டு என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் ஜாம்பியாவின் கிட்வே நகரில், ஒரு தாமிரச் சுரங்கத்தின் ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்தவள். தாதுவில் எத்தனை சதவீதம் உலோகம் இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. காங்கோ எல்லை அங்கிருந்து பக்கம்தான்.

மேடம், நீங்கள் எழுதியது வாட்ஸ்அப்பில் சுற்றும் சோகக் கதை மாதிரி இருக்கிறது. உலகத்துக்கே கொபால்ட் கொடுக்கிற தொழிலில் இயந்திரம் இல்லாமல் கையாலா தோண்டுவார்கள்? – பொறியியல் மாணவர், திருச்சி

இயந்திரம் இருக்கிறது தம்பி. உலகம் தோண்டியெடுக்கும் கொபால்ட்டில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிடைக்கிறது. நாட்டின் தெற்கே லுவாலாபா, மேல் கடாங்கா என்ற இரண்டு மாகாணங்கள். அங்கே நூறு டன் லாரிகள் ஓடும் பிரம்மாண்டமான திறந்தவெளிச் சுரங்கங்கள் உண்டு. கொபால்ட்டில் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான் வருகிறது.

ஆனால் அந்தச் சுரங்கங்களின் வேலிக்கு வெளியிலும், ராத்திரியில் வேலிக்கு உள்ளேயும், கடப்பாரையும் சுத்தியலும் வைத்துத் தோண்டுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். க்ரூசர்கள் என்று அவர்களுக்குப் பெயர். விலை ஏறினால் இவர்கள் எண்ணிக்கை கூடும், இறங்கினால் குறையும். அதனால் நாட்டின் மொத்த உற்பத்தியில் இவர்கள் பங்கு 10 சதவீதம் என்றும் சொல்வார்கள், 30 என்றும் சொல்வார்கள். இரண்டுமே ஏதோ ஒரு வருடத்துக்குப் பொருந்தும்.

சிறுவர்கள் பற்றிய செய்தியும் வாட்ஸ்அப் கதை அல்ல. தெற்கு காங்கோவின் சுரங்கங்களில் சுமார் 40,000 சிறுவர் சிறுமியர் வேலை பார்ப்பதாக யுனிசெஃப் 2014-ல் மதிப்பிட்டது. 2016 ஜனவரியில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற மனித உரிமை அமைப்பும் ஆஃப்ரிவாட்ச் என்ற காங்கோ அமைப்பும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை, கூலி ஒன்று முதல் இரண்டு டாலர் என்று அங்குள்ள பிள்ளைகளே அதில் சொல்லியிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் குழிக்குள் இறங்குவதில்லை. பெரும்பாலோர் மேலே இருப்பார்கள். பெரிய சுரங்கங்கள் கழித்துக் கொட்டிய மண்மேடுகளில் கறுப்புக் கல்லாகப் பார்த்துப் பொறுக்குவது, ஓடையில் இறங்கிக் கழுவுவது, தரம் பிரிப்பது, தன் எடைக்குச் சமமான சாக்கைத் தூக்குவது, இதெல்லாம் அவர்கள் வேலை. மேலே இருக்கிறார்கள் என்பதால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம். கொபால்ட் தூசியும் சேற்றுத் தண்ணீரும் அவர்களுக்குத்தான் அதிகம்.

அம்மா, வேறு வேலைக்குப் போகாமல் ஏன் அந்தக் குழியில் இறங்குகிறார்கள்? அரசாங்கம் தடுக்காதா? – இல்லத்தரசி, கரூர்

வேறு வேலை இருந்தது, ஒரு காலத்தில். பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்ட் ஆண்ட காலத்தில், 1906-ல் தொடங்கிய யூனியன் மினியேர் என்ற கம்பெனிதான் அந்தப் பகுதி முழுவதையும் சுரங்க நாடாக்கியது. விடுதலைக்குப் பிறகு 1967-ல் அது அரசுடைமையாகி, சில வருடங்களில் ஜெகாமின் என்ற பெயர் பெற்றது. நான் பார்த்த முதியவர்கள் ஜெகாமின் பெயரைச் சொல்லும்போது குரல் மாறிவிடும். வீடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மாதா மாதம் மக்காச்சோள மாவு மூட்டை, எல்லாம் கம்பெனி கொடுத்தது. 1980-களின் நடுவில் வருடத்துக்கு 4 லட்சம் டன்னுக்கு மேல் தாமிரம் எடுத்த நிறுவனம் அது. சர்வாதிகாரி மொபூட்டு ஆட்சியின் கொள்ளை, 1990-ல் கமோட்டோ சுரங்கம் இடிந்தது, அப்புறம் போர் என்று வரிசையாக வந்ததில், 2000-களின் தொடக்கத்தில் பழைய உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 2003, 2004-ல் உலக வங்கியின் ஆதரவோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஒரு தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சுரங்கத்தைத் தவிர எதுவும் தெரியாதவர்கள் எங்கே போவார்கள்? தெரிந்த மண்ணைத்தான் தோண்டினார்கள்.

2002-ல் வந்த சுரங்கச் சட்டம் கையால் தோண்டுவதை அனுமதிக்கிறது. அட்டை வாங்க வேண்டும், ஒதுக்கிய இடத்தில் மட்டும் தோண்ட வேண்டும், 30 மீட்டர் ஆழத்தைத் தாண்டக் கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நல்ல தாது உள்ள நிலமெல்லாம் கம்பெனிகளுக்குக் குத்தகைக்குப் போய்விட்டது. க்ரூசர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் மிகச் சில, அவற்றிலும் பலவற்றில் தாது இல்லை, இருந்தால் கைக்கெட்டாத ஆழத்தில். அதனால் சட்டப்படி தோண்ட முடியாதவர்கள் கம்பெனி நிலத்துக்குள் நுழைகிறார்கள். 2019 ஜூன் 27-ல் லுவாலாபா மாகாணத் தலைநகரான கொல்வேசி அருகே ஒரு பெரிய கம்பெனியின் சுரங்கத்துக்குள் அப்படி நுழைந்தவர்கள்மேல் மண் சரிந்து குறைந்தது 43 பேர் இறந்தார்கள். 2025 நவம்பரில் கலாண்டோ என்ற இடத்தில், வெள்ளம் தேங்கிய அகழிமேல் போட்டிருந்த தற்காலிகப் பாலம் ஆட்கள் முண்டியடித்ததில் உடைந்து குறைந்தது 32 பேர். காவலுக்கு நின்றவர்கள் சுட்டதால் கிளம்பிய பீதி என்று அங்குள்ள அரசு அமைப்பே சொன்னது. இப்படிப் பெரிதாக நடந்தால் செய்தி வரும். ஒரு குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று போவது எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

கசூலோ பற்றியும் சொல்ல வேண்டும். கொல்வேசி நகரத்துக்குள் இருக்கும் ஒரு சாதாரணக் குடியிருப்பு அது. 2014-ல் ஒருவர் வீட்டு வாசலில் தோண்டும்போது நல்ல கொபால்ட் தாது தட்டுப்பட்டது. சில மாதத்துக்குள் தெருவே சல்லடையாகிவிட்டது. முற்றத்தில் குழி, சமையலறையில் குழி, படுக்கும் அறையில் குழி. பக்கத்து வீட்டுத் தரைக்கு அடியில் சுரங்கம் போகிறது என்று தெரிந்தும் மேலே குழந்தைகள் தூங்கினார்கள். 2017-ல் ஒரு பகுதியைக் காலி செய்து சுவர் எழுப்பி, அங்கே வாங்கும் உரிமையை ஒரே கம்பெனிக்குக் கொடுத்தார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகமும் காங்கோவின் லுபும்பாஷி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், கசூலோவாசிகளின் ரத்தத்திலும் சிறுநீரிலும் கொபால்ட் மிக அதிகம் என்று தெரிந்தது. குழந்தைகளிடம்தான் கூடுதல். தூசி தரையோடு கிடக்கும், பிள்ளைகள் தரையில்தானே விளையாடுவார்கள்.

வணக்கம் அம்மா. நான் விவசாயி. உலகச் சந்தையில் கொபால்ட் ஒரு டன் இத்தனை ஆயிரம் டாலர் என்று பேப்பரில் போடுகிறார்கள். தோண்டுகிறவனுக்கு அதில் என்ன கிடைக்கும்? எங்கள் நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கிறமாதிரி அங்கேயும் ஏதாவது கருவி உண்டா? – மன்னார்குடி

ஐயா, உங்கள் கேள்வியைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இத்தனை கடிதத்தில் இதை நீங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் எழுத ஆசைப்பட்டேன்.

உண்டு. கையில் பிடிக்கிற கருவி, பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். அங்கே எல்லோரும் மெட்டோரெக்ஸ் என்பார்கள். ஊடுகதிரை (எக்ஸ்-ரே) கல்மேல் பாய்ச்சி, திரும்பி வரும் கதிரைப் படித்து, இதில் கொபால்ட் இத்தனை சதவீதம் என்று திரையில் காட்டும்.

கிட்வேயில் இருந்தபோது ஒரு முறை கசும்பலேசா எல்லையைத் தாண்டி லுபும்பாஷி வழியாகக் கொல்வேசிக்குப் போனோம். சாலை ஓரத்தில் தார்ப்பாய் போட்ட கொட்டகைகள் வரிசையாக இருந்தன. அவைதான் தாது வாங்கும் டிப்போக்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் அட்டையில் கையால் எழுதித் தொங்கவிட்ட விலைப்பட்டியல்: ஒரு சதவீதத் தாதுவுக்குக் கிலோ இத்தனை ஃப்ராங்க் (காங்கோ பணம்), இரண்டு சதவீதத்துக்கு இத்தனை என்று படிப்படியாக ஏறும். ஒரு சதவீதம் கூடினால் விலை சட்டென்று எகிறும். சைக்கிளில் இரண்டு மூட்டையைக் குறுக்கே கட்டித் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வந்தான், பதினெட்டு வயதிருக்கலாம். கொட்டகைக்காரர் மூட்டையைத் தராசில் தொங்கவிட்டார், எடையைத் தானே படித்தார். சாக்கின் வாயை அவிழ்த்து, மேலே இருந்த கல்லில் கருவியை ஒரு முறை அழுத்தினார். திரை அவர் பக்கம் இருந்தது. ஒரு எண் சொன்னார். பையன் ஏதோ மறுத்துப் பேசினான். கொட்டகைக்காரர் மூட்டையைக் காலால் தள்ளி, வேண்டாமென்றால் எடுத்துக்கொண்டு போ என்பதுபோல் கையைக் காட்டினார். பையன் காசை வாங்கிக்கொண்டான்.

நான் அந்த வேலையிலேயே இருந்தவள் என்பதால் சொல்கிறேன், அப்படி அளப்பது அளவே இல்லை. ஒரு மூட்டைத் தாதுவை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் முதலில் முழுவதையும் கொட்டுவோம். உலையில் காய வைப்போம், ஏனென்றால் ஈரம் இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். (கழுவிய தாது எப்போதும் ஈரமாகத்தான் டிப்போவுக்கு வரும்.) காய்ந்ததை நொறுக்கிக் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் எடுப்போம். மறுபடி நொறுக்கு, மறுபடி குவி, மறுபடி பிரி. கடைசியில் முகப்பவுடர் மாதிரி அரைத்த ஒரு சிட்டிகைதான் மூட்டை முழுவதற்கும் பிரதிநிதி. அதை அமிலத்தில் கரைத்துப் பெரிய கருவியில் அளப்போம். கைக்கருவியை வைத்தாலும் இந்தப் பொடியில்தான் வைக்க வேண்டும். கல்லின்மேல் வைத்தால் அது கல்லின் தோலை மட்டும்தான் பார்க்கும், மில்லிமீட்டருக்கு உள்ளே இருப்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று, இரும்பும் கொபால்ட்டும் திருப்பி அனுப்பும் கதிர்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். இரும்பு கலந்த மண்ணில் இரண்டையும் பிரித்தறிய, அளவு தெரிந்த மாதிரிக் கல்லை வைத்துக் கருவியை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். சாலையோரக் கொட்டகையில் யார் சரிபார்ப்பது?

இதில் ஏமாற்று இல்லாவிட்டாலே அளவு தப்பும். ஏமாற்ற நினைத்தால் மாதிரிக் கல்லை மாற்றினால் போதும், கருவி வாழ்நாள் முழுக்கக் குறைத்தே காட்டும். தராசிலும் அப்படியே. எடையையோ தரத்தையோ சரிபார்க்கத் தங்களுக்கு வழியே இல்லை, டிப்போக்காரர் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று க்ரூசர்கள் ஆம்னெஸ்டியிடமும் சொல்லியிருந்தார்கள். உங்களுக்குக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் என்று நெல்லைத் திருப்பினால், கேள்வி கேட்கச் சங்கம் இருக்கிறது, கலெக்டர் இருக்கிறார், ரோட்டில் உட்கார இடம் இருக்கிறது. அந்தப் பையனுக்கு இது எதுவும் இல்லை. சில சமயம் அவன் தோண்டியதே அடுத்தவர் நிலத்தில், போலீஸிடம் போனால் அவனைத்தான் பிடிப்பார்கள். இது டிப்போக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

வாங்கிய காசும் முழுதாகக் கைக்கு வராது. ஒரு குழி தாதுவைத் தொட வாரக்கணக்கில் தோண்ட வேண்டும். அந்த நாட்களுக்குச் சாப்பாடும் சாமானும் கொடுத்த முதலாளிக்கு ஒரு பங்கு, மூட்டையைக் கொண்டுவந்தவருக்கு ஒரு பங்கு, கூட்டுறவு என்ற பெயரில் நிற்பவர்களுக்கு, வழிச் சோதனைச் சாவடிக்கு என்று போய், மிச்சத்தைக் குழியில் இறங்கிய ஐந்தாறு பேர் பிரிப்பார்கள். ஆகவே லண்டன் சந்தை விலையைப் பார்த்து அவர்கள் வருமானத்தைக் கணக்குப்போட முடியாது. சுரண்டல் என்றதும் எல்லோரும் குழியைத்தான் படம் பிடிக்கிறார்கள். தராசும் கருவியும் இருக்கிற கொட்டகையைப் படம் பிடித்தால் இன்னும் நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கைபேசி ஆலையில் லைனில் வேலை பார்க்கிறேன். எங்கள் கைக்கு வரும் பாகங்களில் இந்தத் தாதுக்கள் எங்கெங்கே இருக்கின்றன? – பெயர் வேண்டாம்

பெயர் போடவில்லை தங்கச்சி. உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் பளபளவென்று சீல் வைத்து வந்துவிடும், அதனால் தெரியாது.

பேட்டரிக்குள் சில கிராம் கொபால்ட். டிப்போக்களில் வாங்கிய தாதுவும் பெரிய சுரங்கத்துத் தாதுவும் அங்குள்ள ஆலைகளிலேயே கலந்து, கொபால்ட் ஹைட்ராக்சைடு என்ற தூளாகி, லாரியில் டர்பன் அல்லது தார் எஸ் சலாம் துறைமுகத்துக்குப் போகும். அங்கிருந்து கப்பலில் சீனா. உலகின் கொபால்ட்டில் முக்கால் பங்குக்குக் குறையாமல் சுத்திகரிப்பது சீனாதான். கலந்த பிறகு எந்தத் துகள் எந்தக் குழியிலிருந்து வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. எங்கள் கொபால்ட்டில் குழந்தை உழைப்பே இல்லை என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, கலப்பதற்கு முன்னால் பிரித்தது யார் என்பதுதான்.

சர்க்யூட் போர்டில் உள்ள சில குட்டிக் கபாசிட்டர்களில் டான்டலம், பற்றவைத்த ஈயப்பொட்டில் வெள்ளீயம், அதிர்வு மோட்டாரில் டங்ஸ்டன், இணைப்பு முனைகளில் தங்கம். டான்டலத்தின் தாது கோல்டான். அது கொபால்ட் கிடைக்கும் தெற்கில் இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, காங்கோவின் கிழக்கே கிவு மலைகளில். இரண்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். தெற்கில் பிரச்சினை வறுமையும் குத்தகையும் டிப்போவும், கிழக்கில் அதோடு துப்பாக்கியும் சேர்ந்துகொள்கிறது. மசிசி வட்டாரத்தில் ருபாயா என்ற ஊரைச் சுற்றிய குன்றுகளில் மட்டும் உலக டான்டலத்தில் சுமார் 15 சதவீதம் கிடைக்கிறது. 2024 ஏப்ரல் கடைசியில் எம்-23 என்ற ஆயுதக் குழு ருபாயாவைப் பிடித்தது. கோல்டான்மேல் அவர்கள் போட்ட வரி மட்டும் மாதம் சுமார் 8 லட்சம் டாலர், மாதம் 120 டன்னாவது எல்லை தாண்டி ருவாண்டாவுக்குப் போகிறது என்று ஐ.நா. நிபுணர் குழு அந்த வருடக் கடைசியில் அறிக்கை கொடுத்தது. எம்-23-க்கு உதவுவதாகச் சொல்வதை ருவாண்டா மறுக்கிறது. 2025 ஜனவரியில் கோமா நகரமும், அடுத்த மாதம் புகாவுவும் அதே குழுவின் கைக்குப் போயின. புகாவுவில்தான் டாக்டர் டெனிஸ் முக்வேகேயின் பான்சி மருத்துவமனை இருக்கிறது. போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தே வாழ்நாளைக் கழித்தவர். 2018-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய மேடையில், தன்னிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது, அதிலுள்ள தாதுக்கள் தன் நாட்டில் எப்படி எடுக்கப்படுகின்றன என்று யோசியுங்கள் என்று பேசினார்.

நீங்கள் மனசு கஷ்டப்படுவதாகக் கடிதக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கூலியும் நீங்கள் தீர்மானிப்பதல்ல. பாரத்தை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கொபால்ட்டே இல்லாத பேட்டரி வந்துவிட்டதாமே, பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடாதா? – சிங்கப்பூர் வாசகி

வந்துவிட்டது. இரும்பு பாஸ்பேட் வகை. பஸ், கார், வீட்டு இன்வெர்ட்டர் என்று நன்றாகப் பரவிவிட்டது. ஆனால் அதே அளவு மின்சாரத்துக்குக் கூடுதல் இடம் பிடிக்கும். மெல்லிய கைபேசியில் இன்னும் கொபால்ட் வகைதான் பெரும்பாலும்.

தீருமா என்றால், விலை விழும்போது முதலில் அடிபடுவது க்ரூசர்தான். 2022-ல் டன் 80,000 டாலரைத் தொட்ட கொபால்ட் 2025 தொடக்கத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. காங்கோ அரசு அந்த பிப்ரவரியில் ஏற்றுமதியையே நிறுத்தி, அக்டோபரிலிருந்து கோட்டா முறை கொண்டுவந்தது. பெரிய கம்பெனி கிடங்கில் வைத்துக் காத்திருக்கும். அன்றன்றைக்கு மூட்டை விற்றுச் சோறு வாங்குகிறவரால் காத்திருக்க முடியாது.

நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாதா? – வழக்கறிஞர், மதுரை

போட்டார்கள் ஐயா. சுரங்கத்தில் இறந்த, ஊனமான பிள்ளைகளின் குடும்பங்கள் சார்பில் 2019 டிசம்பரில் வாஷிங்டனில் ஆப்பிள், கூகுளின் தாய்க் கம்பெனி, டெல், மைக்ரோசாஃப்ட், டெஸ்லா ஐந்தின் மீதும் வழக்கு. 2021-ல் தள்ளுபடி. 2024 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. உலகளாவிய வணிகச் சங்கிலியில் கொபால்ட் வாங்குவது மட்டுமே கட்டாய உழைப்பில் கூட்டுச் சேர்வதாகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் அப்படி இருக்கலாம். ஐந்து கம்பெனிகளும் வாங்காவிட்டால் அந்தக் குழிகள் அந்த வேகத்தில் தோண்டப்பட்டிருக்குமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டமும் (2010) 2021-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் நான்கு மட்டும் எங்கிருந்து வந்தன என்று கம்பெனிகளிடம் கணக்குக் கேட்கின்றன. கொபால்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

காங்கோவை விடுங்கள், நம் நாட்டில் இப்படி எதுவும் இல்லையா? – ஆசிரியை, சென்னை

இருக்கிறது டீச்சர். அயர்ன் பாக்ஸ், டோஸ்டர், ஹேர் டிரையர் எதையாவது பிரித்தால் கம்பிச்சுருளைத் தாங்கிக்கொண்டு வெள்ளி மாதிரி மின்னும் ஒரு தகடு தெரியும். அது அபிரகம், மைக்கா. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்கள், பக்கத்தில் பிகாரின் நவாடா, இந்த வட்டாரம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அபிரகத்துக்குப் பேர்போனது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காட்டுக்குள் இருந்த சுரங்கங்களுக்கு அனுமதி கிடைப்பது கடினமாகி, ஒவ்வொன்றாக மூடின. காகிதத்தில் மூடின. பழைய குழிகளிலும் கழிவு மேடுகளிலும் குடும்பம் குடும்பமாக இன்றும் பொறுக்குகிறார்கள். அந்தச் சில்லுக்கு அங்கே திப்ரா என்று பெயர். எலி வளை மாதிரிப் பொந்துக்குள் சிறிய உடம்புதான் நுழையும் என்பதால் பிள்ளைகளும் போகிறார்கள். 2016-ல் இரண்டு மாதத்தில் ஏழு குழந்தைகள் இறந்ததை ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. சட்டவிரோதம் என்பதால் குடும்பங்கள் வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டன. அதன் பிறகுதான் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் போய்ப் பார்த்தது, வெளிநாட்டுக் கம்பெனிகள் சேர்ந்து ஒரு கண்காணிப்பு அமைப்பு தொடங்கின.

அங்கேயும் கதை ஒன்றுதான். தோண்டுவது சட்டவிரோதம், வாங்கி ஏற்றுமதி செய்வது சட்டபூர்வம். இடையில் கிலோவுக்கு என்ன விலை என்பதை வாங்குபவர் சொல்கிறார்.

அப்படியானால் நான் புதுக் கைபேசி வாங்குவதை நிறுத்திவிடவா? யாரிடம் என்ன கேட்பது? – வங்கி ஊழியர், ஓசூர்

காங்கோ தாதுவே வேண்டாம் என்று ஒதுங்குவதைத் தீர்வாக நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே நடந்துவிட்டது. 2010 செப்டம்பரில் காங்கோ அரசு கிழக்கு மாகாணங்களில் கைத்தோண்டலைத் தடை செய்தது. அதே வருடம் அமெரிக்கச் சட்டமும் வந்ததால், வாங்குபவர்கள் வம்பு எதற்கு என்று ஒட்டுமொத்தமாக விலகினார்கள். தடை ஆறு மாதத்தில் நீங்கியும் வாங்க ஆள் வரவில்லை. அந்தப் பகுதிகளில் பச்சைக் குழந்தைகளின் இறப்பு கூடியதாகவே பின்னால் ஓர் ஆய்வு காட்டியது. மருத்துவத்துக்குக் காசு இல்லை, வேறு என்ன.

உருப்படியாக நடந்த ஒன்றும் உண்டு. கொல்வேசி பக்கத்தில் முட்டோஷி என்ற இடத்தில் 2018 முதல் இரண்டு வருடம் ஒரு முன்னோடித் திட்டம் ஓடியது. கம்பெனி தன் நிலத்தில் ஒரு பகுதியை வேலியிட்டு, மேல்மண்ணை இயந்திரத்தால் அகற்றிக் கொடுத்தது. ஆழக் குழிக்குத் தேவை இல்லாமல் போயிற்று. தலைக்கவசம், வாசலில் அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. பெண்களும் கழுவுவதோடு நிற்காமல் தோண்டி நேரடியாகச் சம்பாதித்தார்கள். ஆனால் வாங்குபவர் ஒருவர்தான், விலையில் பேரம் பேச வழியில்லை. 2020-ல் கொரோனா வந்ததும் நிறுத்தினார்கள். மறுபடி தூக்கி நிறுத்தவில்லை. அரசு தன் பங்குக்குக் கைத்தோண்டல் கொபால்ட்டை வாங்க 2019-ல் ஒரு பொதுநிறுவனம் தொடங்கியது, அதுவும் வருடக்கணக்கில் நகரவே இல்லை.

உங்கள் கைபேசி வேலை செய்கிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போனால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், பழையதைக் குப்பையில் போடாமல் சேகரிப்பு மையத்தில் கொடுங்கள், அதிலுள்ள கொபால்ட்டைத் திரும்ப எடுக்க முடியும்.

கேட்பதற்கும் இடம் உண்டு. அமெரிக்கப் பங்குச்சந்தையில் உள்ள மின்னணுக் கம்பெனிகள் ஒவ்வொரு மே மாதக் கடைசிக்குள் நான்கு தாதுக்கள் பற்றிய அறிக்கை கொடுக்க வேண்டும். பல கம்பெனிகள் கொபால்ட் பற்றியும் தாமாகவே எழுதுகின்றன. கம்பெனியின் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சுத்திகரிப்பு ஆலைகளின் பெயர்ப் பட்டியல் வரைக்கும் இருக்கும், அதற்குக் கீழே எதுவும் இருக்காது. அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டால் தயாராக வைத்திருக்கும் பதிலை அனுப்புவார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: கையால் தோண்டிய கொபால்ட்டை வாங்குகிறீர்களா? வாங்கும் இடத்தில் எடை போடுவதும் தரம் பார்ப்பதும் வாங்குபவரா, தனி ஆளா? அந்தக் கருவியைக் கடைசியாக யார், எப்போது சரிபார்த்தார்கள்? தோண்டியவருக்கு அந்த எண்ணைக் காட்டினார்களா?

பதில் வந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இதே பகுதியில் வெளியிடுகிறேன். மன்னார்குடி ஐயாவுக்கு: உங்கள் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவியை எத்தனை நாளுக்கு ஒரு முறை சரிபார்க்கிறார்கள் என்று விசாரித்து எழுத முடியுமா?